புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களை வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி இது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நேற்று இரவு அடித்த புயல் காற்றில் கரண்ட் போய்விட்டது. தெருவில் இரண்டு கம்பங்கள் சாய்ந்து கிடக்கின்றன. வர மூன்று நாளாகும், நான்கு நாளும் ஆகலாம் என்கிறார்கள். வீட்டில் ஐந்து பேர், அதில் ஒருவர் தினமும் இன்சுலின் போடுகிற பெரியவர். 150 ஏ.எச். பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர், ஒரு ஃபிரிட்ஜ், 1 ஹெச்.பி. மோட்டார், மாடியில் 1000 லிட்டர் தொட்டி இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது?

மூன்று நாள் என்று சொன்னால் ஒரு வாரத்துக்குத் திட்டம் போடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கிராமங்களுக்கு விளக்கு எரிய வாரக்கணக்கில் ஆனது. அந்த அளவு சேதம் எப்போதும் இருக்காது. ஆனால் கம்பம் சாய்ந்த தெருவில் வேலை எப்போதும் ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் துணை மின்நிலையம், பிறகு அங்கிருந்து கிளம்பும் 11,000 வோல்ட் ஃபீடர், அதில் ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் நிலையத்துக்கும் போகும் லைன்கள், அதன்பின் உங்கள் டிரான்ஸ்ஃபார்மர், தெரு லைன், கடைசியாக வீட்டு சர்வீஸ் வயர். அடுத்த தெருவில் விளக்கு எரிகிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேறு டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பவர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. கரண்ட் முழுதாக இல்லாத நேரம் பெரும்பாலும் அசௌகரியமான நேரம், அவ்வளவே; ஜெனரேட்டர் ஓட்டினால் மட்டும் அதிலும் ஆபத்து உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். உயிரும் பொருளும் அதிகம் போவது அதன் இரு ஓரங்களில்: காற்று நின்றதும் வெளியே போய்க் கம்பியைத் தொடும் நேரம், பிறகு கரண்ட் அரைகுறையாகத் திரும்பி வரும் நேரம். அதனால் இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறேன்.

விடிந்ததும் வாசலை விட்டு இறங்கும் முன் மேலே பாருங்கள், பிறகு கீழே பாருங்கள். தரையில் கிடக்கும் கம்பி எதுவானாலும் அதில் கரண்ட் ஓடுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க இருட்டாக இருப்பதால் கம்பி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சோதனைக்காக ஃபீடரைப் போட்டுப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாகவும் ஏறும். கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நனைந்த மண்ணில் உயர் அழுத்தக் கம்பி கிடந்தால் அதைச் சுற்றியுள்ள தரையிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். அடிக்கு அடி அந்த அழுத்தம் மாறுவதால், அகலமாக வைத்த இரண்டு கால்களுக்கு நடுவே கரண்ட் பாயும். மனிதர் தப்பிக்கிற தூரத்தில்கூட மாடு விழுந்து சாவதற்கு இதுதான் காரணம், அதன் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் ஓடாதீர்கள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து வெளியே வாருங்கள். கால்நடைகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடும் முன்பும் மேய்ச்சல் வழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கம்பி என்றாலே மேலே போகும் மின்கம்பியைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேறு கம்பிகள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்க ஒரு ஜி.ஐ. கம்பி கட்டியிருப்பார்கள். காற்றில் ஆடி ஆடி வயரின் மேலுறை தேய்ந்தால் அந்தக் கம்பியில் கரண்ட் இறங்கிவிடும். துணி காயப்போடும் கம்பியை அதே கொக்கியிலோ ஜன்னல் கிரில்லிலோ கட்டியிருந்தால் ஈரத்துணியோடு கை வைக்கும்போது முடிந்தது கதை. கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியும் அப்படித்தான். தகரக் கொட்டகை, கம்பி வேலி இவற்றின் மேல் சர்வீஸ் வயர் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். துணிக்கொடிக்கு நைலான் கயிறு போதும், அதை இன்றே மாற்றிவிடலாம்.

தென்னை மட்டையோ மரக்கிளையோ வயர் மேல் தொங்கினால் இழுக்க வேண்டாம். நனைந்த மட்டை கரண்டைக் கடத்தும். காய்ந்த மூங்கில் கம்பு பாதுகாப்பானது என்பதும் மழைக்காலத்தில் நம்ப முடியாத கணக்கு. கம்பி மேல் சாய்ந்திருக்கும் மரத்தை அறுக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. இழுபட்டு விறைத்திருக்கும் கம்பி, பாரம் நீங்கியதும் வில்லைப் போலத் துள்ளும், அதோடு கம்பமும் சாயும். லைன்மேன் வந்து, லைன் ஆஃப் என்று அவர் வாயால் சொன்ன பிறகு அறுக்கலாம்.

புகார் கொடுப்பதற்கு மின்னகம் எண் 94987 94987. சும்மா கரண்ட் இல்லை என்று சொன்னால் அது பட்டியலில் ஆயிரத்தோடு ஒன்றாகப் போய்விடும். மின் இணைப்பு எண்ணைச் சொல்லுங்கள், கம்பத்தில் எழுதியுள்ள எண்ணையும் டிரான்ஸ்ஃபார்மரின் பெயரையும் சொல்லுங்கள், கம்பம் ஒடிந்ததா சாய்ந்ததா, எத்தனை, கம்பி ரோட்டில் கிடக்கிறதா என்று சொல்லுங்கள். தெருவுக்கு ஒருவர் பேசினால் போதும். பெரிய புயலின்போது வெளிமாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எந்தக் கம்பி எந்தத் தெருவுக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. கூடவே நடந்து வழி காட்ட ஒரு ஆள் இருந்தால் அரை நாள் மிச்சம். நீங்களாக டிரான்ஸ்ஃபார்மரில் கை வைப்பதும், ஃபியூஸ் போட ஊரில் ஒரு தைரியசாலியை ஏற்றிவிடுவதும் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் முதல் வேலை மெயின் ஸ்விட்சை இறக்குவது. ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் ஸ்டார்ட்டர், வைஃபை பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஒற்றை ஸ்விட்ச் ஃபேஸை, அதாவது கரண்ட் வரும் வயரை மட்டும்தான் துண்டிக்கும், இடி மின்னலின்போது அது திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் வழியாகவும் ஏறும். மெயினை இறக்கிவிட்டால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? மீட்டர் மெயின் ஸ்விட்சுக்கு முன்னால் இருக்கிறது. எலக்ட்ரானிக் மீட்டரின் திரையில் எண்கள் தெரிந்தால் கம்பத்திலிருந்து கரண்ட் வந்துவிட்டது. ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: மொட்டை மாடியில் சோலார் இருக்கிறதே, அது ஓடாதா? மின்வாரிய லைனோடு இணைத்த, பேட்டரி இல்லாத சோலார் ஓடாது. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, லைனில் கரண்ட் நின்றதும் அதன் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

இனி இன்வெர்ட்டர். இங்கேதான் கணக்குத் தெரியாமல் முதல் இரவிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறார்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் ஏட்டில் 1800 வாட்-மணி. பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்யக் கூடாது, இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு சூடாக வீணாகும். ஆக, நல்ல பேட்டரியில் கைக்கு வருவது சுமார் 1100 வாட்-மணி. மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரி என்றால் 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், எல்.இ.டி. பல்பு 9 வாட். இரண்டு சாதாரண ஃபேனும் மூன்று பல்பும் ஓட்டினால் மணிக்கு 177 வாட்-மணி, ஆறு மணி நேரத்தில் காலி.

இதில் யாரும் எண்ணாத ஒரு செலவு உண்டு. எதுவும் ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் ஆனில் இருந்தாலே 10 முதல் 20 வாட் தின்னும். 15 என்று வைத்தால் 24 மணி நேரத்தில் 360 வாட்-மணி, அதாவது உங்களிடம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் பகலில் இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். பகலில் வெளிச்சம் இருக்கிறது, காற்றுக்கு ஜன்னல் இருக்கிறது.

ஐந்து பேரும் ஒரே அறையில் படுங்கள். இரவு 9 முதல் காலை 5 வரை ஒரே ஒரு ஃபேன்: சாதாரண ஃபேனுக்கு 600 வாட்-மணி. இரண்டு பல்பு நான்கு மணி நேரத்துக்கு 72. இன்வெர்ட்டர் தனக்கென எடுப்பது 120. மூன்று போன் சார்ஜ் ஆக 45. மொத்தம் 837. ஒரு இரவு தாங்கும், இரண்டாம் இரவில் மூன்று மணி நேரம்கூட ஓடாது. அதே இடத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் இருந்தால் மொத்தம் 477, இரண்டு இரவு முழுதாகத் தாங்கும். அந்த ஃபேன் எந்த அறையில் மாட்டியிருக்கிறதோ அந்த அறையில் எல்லோரும் படுப்பதுதான் கணக்கு. பழைய ரெகுலேட்டர் பெட்டி இருக்கும் வீட்டில் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் பெரிதாக மிச்சமாகாது, அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போகும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மிச்சமாகும். ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் போடாதீர்கள். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பேட்டரி தீர்ந்து இன்வெர்ட்டர் கத்தி நின்றுவிட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்து கடைசிச் சொட்டைப் பிழியக் கூடாது. காலியான லெட் ஆசிட் பேட்டரியை நாள் கணக்கில் அப்படியே விட்டால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. அதனால் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்திவிடுவதே நல்லது. ஜெனரேட்டர் கிடைக்கும்போது இதற்குச் சார்ஜ் ஏற்ற மறக்காதீர்கள்.

போன்களைப் பொறுத்தவரை, சிக்னல் பலவீனமாக இருக்கும்போது போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்க்கும். செல்போன் கோபுரங்களும் பேட்டரியிலும் டீசலிலும்தான் ஓடுகின்றன, அவையும் ஒவ்வொன்றாக அணையும். வீட்டில் ஒரு போனை மட்டும் ஆனில் வையுங்கள், மற்றவற்றை அணைத்துவிடுங்கள். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்று எழுதியிருந்தாலும் போனுக்குள் போய்ச் சேருவது 6,000 சொச்சம்தான். கார் இருந்தால் அதில் சார்ஜ் போடலாம். ஆனால் மூடிய கார் ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது.

தண்ணீர்தான் விளக்கைவிடப் பெரிய தலைவலி. தொட்டியில் இருப்பதை உடனே அளந்து பாருங்கள். ஆளுக்கு 40 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு நாளைக்கு 200, நிறைந்த தொட்டி ஐந்து நாள் வரும். இந்த 40-ஐ உடைப்பது கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி. ஒருமுறை இழுத்தால் 6 முதல் 10 லிட்டர் போய்விடும். அதன் வால்வை மூடிவிட்டு, குளித்த, துவைத்த தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள். மழை இன்னும் பெய்தால் மாடித் தண்ணீரை அதற்கென்று அண்டாவில் பிடியுங்கள். ஆர்.ஓ. ஓடாது என்பதால் குடிக்க ஆளுக்கு 3 லிட்டர் கணக்கில் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். குமிழ் வந்து தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும். கலங்கல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் முன் தெளிய விட்டு, பருத்தித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். கிணற்றில் வெள்ளநீர் புகுந்திருந்தால் அதைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும் வரை குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

மோட்டாருக்கு ஜெனரேட்டர். டெல்டாவில் புயலுக்குப் பிறகு தெருத் தெருவாக வாடகை ஜெனரேட்டர் வந்து மணிக்கு இவ்வளவு என்று வாங்கித் தொட்டி நிரப்பித் தருவது வழக்கம். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 1000 வாட் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு கேட்கும். ஜெனரேட்டரின் திறனை கே.வி.ஏ. என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கே.வி.ஏ., இரண்டு கே.வி.ஏ. ஜெனரேட்டரில் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகும். குறைந்தது 3 கே.வி.ஏ. வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் 1.5 ஹெச்.பி. என்றால் 5 கே.வி.ஏ. கேளுங்கள். மோட்டாரை முதலில் தனியாகக் கிளப்புங்கள். அது சீராக ஓடிய பிறகு இன்வெர்ட்டர் சார்ஜரையும் ஃபிரிட்ஜையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 150 ஏ.எச். பேட்டரி காலியிலிருந்து நிறைய 10 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆனால் மூன்று மணி நேர ஓட்டத்தில்கூட ஒரு இரவுக்கு ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் ஓடுமளவுக்கு ஏறிவிடும். நான்கு வீடு சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் எடுத்து இப்படிச் சுற்று வைத்துக்கொண்டால் செலவும் தாங்கும். கரண்ட் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கும் சில சமயம் ஓடாது, எரிபொருளை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஜெனரேட்டரில் இரண்டு தவறுகள் உயிரைக் குடிப்பவை. ஒன்று, திண்ணையிலோ கொல்லை அறையிலோ மாடிப்படிக்குக் கீழோ வைத்து ஓட்டுவது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்று வந்து ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். திறந்த வெளியில், ஜன்னல் கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். மழை பெய்கிறதென்று உள்ளே இழுக்காதீர்கள், மேலே மட்டும் தகரம் போடுங்கள். நெருப்புக்கங்கை இரும்புச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவை மூடுவதிலும் இதே ஆபத்துதான்.

இரண்டாவது, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயர் ஒன்றைச் செய்து ஜெனரேட்டரிலிருந்து வீட்டுச் சுவர் சாக்கெட்டில் செருகுவது. வீடு முழுக்க எரிகிறதென்று சந்தோஷமாக இருக்கும். மெயின் இறக்காமல் இருந்தால் அந்த 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாக வெளியேறி டிரான்ஸ்ஃபார்மரைச் சேரும். அங்கே அது பின்திசையில் 11,000 வோல்ட்டாக உயரும். லைன் செத்தது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அதில் கை வைப்பார். மெயினை இறக்கிவிட்டேன் என்பதும் பாதுகாப்பில்லை, யாரோ ஒருவர் தெரியாமல் ஏற்றிவிடுவார்கள். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்ட வீட்டில் மட்டும்தான் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு சேர்க்கலாம், அதன் கைப்பிடி ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் விழும். அது இல்லாத வீட்டில் நல்ல கனமான எக்ஸ்டென்ஷன் வயரில் நேராக மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் இணையுங்கள்.

ஃபிரிட்ஜ் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அதனால் முதல் நாளே ஒரே தடவை திறந்து, பாலையும் மீனையும் கறியையும் எடுத்துச் சமைத்துவிடுங்கள். மீனை உப்பும் மஞ்சளும் புளியும் போட்டுக் குழம்பாக வைத்தால் காலை மாலை சூடு பண்ணி மறுநாள் வரை ஓட்டலாம். கரண்ட் விட்டு விட்டு வரும் நாட்களில் ஒரு சிறு யோசனை: ஃப்ரீசரில் ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயம் வையுங்கள். ஊருக்குப் போய் வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால் நடுவே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, உள்ளே இருக்கும் கறியை நம்ப வேண்டாம். இட்லி மாவுப் பாத்திரத்தை அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்து ஈரத்துணி சுற்றினால் ஒரு நாள் தாங்கும். அதற்குப் பிறகு ஊத்தப்பம், பணியாரம். கிரைண்டர் இல்லாத நாட்களுக்குப் புட்டு, கஞ்சி, உப்புமா, இரவு நீர் ஊற்றிய பழைய சோறு என்று திட்டமிட்டால் அடுப்பு கேஸும் மிச்சம்.

இன்சுலின் பற்றிப் பதற வேண்டாம். திறந்த குப்பியோ பேனாவோ 30 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் மருந்தின் அட்டையில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வீட்டின் நிழலான, காற்றோட்டமான மூலையே போதும். கோடைக்காற்றில் கரண்ட் போனால் மண்பானை முறை: ஒரு பானைக்குள் சிறு பானை, நடுவே ஈர மணல், உள்ளே ஈரம் படாத டப்பாவில் மருந்து, மேலே ஈரத்துணி. காற்றில் ஈரப்பதம் அதிகமான நாளில் இது அவ்வளவாகக் குளிராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண், உருகினாலும் வேலை செய்யாது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்குக் கூடுதலாக ஒன்று: 5 லிட்டர் இயந்திரம் 300 வாட்டுக்கு மேல் எடுக்கும், உங்கள் அளவு பேட்டரியில் மூன்று மணி நேரம்கூடச் சந்தேகம். புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே பி டைப் சிலிண்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 1500 லிட்டர் கொள்ளும், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும்.

மெழுகுவத்தியைக் கொசுவலைக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே நிறுத்துங்கள். கொசுவர்த்தியைவிட வலை நல்லது.

இப்போது கரண்ட் வரும் நேரம். இதைக் கவனமாகப் படியுங்கள். தெரு லைனில் மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல். காற்றில் நியூட்ரல் அறுந்தோ இணைப்பு தளர்ந்தோ இருந்தால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகி அந்த 400-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். அதிகம் சாமான் ஓடும் வீட்டில் வோல்டேஜ் விழும். ஒரே ஒரு டிவி ஓடும் வீட்டில் 300, 350 என்று ஏறும். புயலுக்கு மறுநாள் தெருவில் ஒரே நேரத்தில் பத்து வீட்டு டிவி புகைவது இதனால்தான். இன்னொரு கோளாறு, டிரான்ஸ்ஃபார்மரின் 11,000 வோல்ட் பக்கம் ஒரு ஃபியூஸ் போனால் வருவது. ஒரு ஃபேஸ் வீடுகளுக்கு முழுதாக இருக்கும், மற்ற இரண்டு ஃபேஸ் வீடுகளுக்குப் பாதி, சுமார் 115 வோல்ட்தான் வரும். ஃபேன் மெதுவாகச் சுற்றும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் உறுமிவிட்டு நிற்கும், மறுபடி உறுமும், கருகும்.

எனவே மீட்டரில் எண் தெரிந்ததும் மெயினைப் போடாதீர்கள், கால் மணி நேரம் பொறுங்கள். ஊரே ஒரே நேரத்தில் மோட்டாரும் ஃபிரிட்ஜும் போடுவதால் முதல் சில நிமிடங்களில் மறுபடி ஃபியூஸ் போவது சகஜம். பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள சிறு பாதுகாப்பு ஸ்விட்சான எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு மெயினைப் போட்டு ஒரு லைட் சர்க்யூட்டை மட்டும் ஏற்றுங்கள். எல்.இ.டி. பல்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதற்குள் இருக்கும் சிறு சர்க்யூட் 150 வோல்ட்டிலும் 250-லும் ஒரே மாதிரி எரிய வைக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றை இதற்காகவே வைத்திருங்கள், அது உண்மையைச் சொல்லும். அதைவிட நல்லது, சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர். 200-க்கும் 250-க்கும் நடுவே நிலையாக நின்றால் சரி. அடுத்து அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். வோல்டேஜ் சில வோல்ட் இறங்கினால் இயல்பு. படீரென்று நூறு வோல்ட் விழுந்தால் நியூட்ரலிலோ இணைப்பிலோ கோளாறு. வீட்டுக்கு மூன்று ஃபேஸ் சர்வீஸ் இருந்தால், ஓர் அறையில் அயர்ன் போடும்போது இன்னொரு அறை பல்பு கூடுதலாக ஒளிர்வதும் அதே அடையாளம். சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தாலும் நியூட்ரல் திறந்திருக்கிறது. உடனே மெயினை இறக்கிப் புகார் கொடுங்கள். அண்டை வீட்டிலிருந்து நியூட்ரல் இழுத்து ஒப்பேற்றுவதும், எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்துவதும் கூடாது. அப்படிச் செய்த வீட்டில் ஃபிரிட்ஜின் உடம்பைத் தொட்டாலே அடிக்கும்.

எல்லாம் சரியென்றால் ஃபேன், பிறகு இன்வெர்ட்டர் சார்ஜர், பத்து நிமிடம் கழித்து ஃபிரிட்ஜ், கடைசியாக மோட்டார். இந்தப் பயத்துக்கு நிரந்தர வழி, மெயினுக்குப் பக்கத்தில் ஓவர் வோல்டேஜ் - லோ வோல்டேஜ் துண்டிப்பான் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுவது. ஏறத்தாழ 270-க்கு மேலும் 170-க்குக் கீழும் தானாக வெட்டிவிட்டு, சீரானதும் சில விநாடிகள் பொறுத்துச் சேர்க்கும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் ஃபிரிட்ஜை மட்டும்தான் காக்கும், இது வீடு முழுவதற்கும்.

மெயினைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுக் காப்பு ஸ்விட்ச் டிரிப் ஆகிக்கொண்டே இருந்தால் எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது. அதற்குக் கோபப்பட்டு அதைத் தாண்டி நேரடியாக வயர் இழுத்து ஜம்பர் போட்டுவிடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டுவதுதான் அதன் வேலை, உங்களை ஷாக்கிலிருந்து காப்பதும் அதுவே. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே தள்ளுங்கள். எதில் விழுகிறதோ அந்த சர்க்யூட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியை ஓட்டலாம். பெரும்பாலும் வாசல் விளக்கு, மொட்டை மாடி விளக்கு, காம்பவுண்டுச் சுவர் பெட்டி, மோட்டார் லைன் இவற்றில் ஒன்றாக இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு எலக்ட்ரீஷியனிடம் மெகர், அதாவது வயரின் மேலுறை கசிகிறதா என்று அளக்கும் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் அந்த சர்க்யூட்டை ஏற்ற வேண்டாம். சுவர் சாக்கெட் வரை தண்ணீர் ஏறிய வீட்டில் இந்தச் சோதனை முடியாமல் மெயினையே போடக் கூடாது. மீட்டர் வரை உள்ள வயரும் அதன் சீலும் மின்வாரியத்தின் பொறுப்பு, அதற்குப் பிறகுள்ளதுதான் உங்கள் எலக்ட்ரீஷியனின் வேலை.

கரண்ட் நிலையாக வந்த அன்று இரவே பேட்டரி முழுதாக ஏற விடுங்கள், குறைந்தது 12 மணி நேரம். முழுதாக ஏறிய பிறகு பேட்டரியின் மேல் தண்ணீர் அளவைக் காட்டும் மிதவைகளைப் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். காலியான பேட்டரியில் முன்கூட்டி நிரப்பிவிட்டால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும்.